நெய்க்கடன் வழக்கும் துப்பறியும் நாவலும்: சித்தூர் – திருப்பதி வட்டாரப் பின்புலத்தில் ஒரு நோக்கு

துப்பறியும் நாவலைப் படித்து மகிழ்வது தமிழ்ப் புலமையுலகில் நெடுங்காலம் மறைத்துச் செய்யும் செயலாகவே இருந்துவந்துள்ளது. படித்தவர் பலர், படித்ததாக எழுதியவர் சிலர். இலக்கிய வரலாற்று நூல்கள் இவ்வகை நாவல்களுக்கு ஒரு பத்தியை ஒதுக்கி, அப்பத்தியிலும் மொழிபெயர்ப்பு, தழுவல், மலிவுப் பதிப்பு என்னும் மூன்று சொற்களால் அவற்றைக் கடந்து சென்றுவிடுகின்றன. அம்மூன்றும் உண்மையே. ஆயினும், ஒரு மக்கட் கூட்டம் விரும்பிப் படித்த நூல்களின் இன்பம் எதிலிருந்து பிறந்தது என்னும் வினா அவற்றால் விடைபெறுவதில்லை.

துப்பறியும் நாவலுள் ஒரு கிளை உண்டு. மேலைநாட்டார் அதனைக் ‘கோசி மிஸ்டரி’ என்பர். இல்லஞ்சார் துப்பறி நாவல் என்று அதனைத் தமிழில் கூறலாம். குருதியும் கொடுமையும் காட்சிக்கு வாரா. குற்றம் ஒரு சிற்றூரில், ஒருவரையொருவர் அறிந்த மாந்தரிடையே நிகழும். அதனைக் கண்டறிபவர் காவல்துறையினர் அல்லர், பெரும்பாலும் ஊர்ப் பெண்மணி ஒருவர். இக்கிளையில் சமையலை மையமாகக் கொண்ட நாவல்கள் தனி வகையாகவே வளர்ந்துள்ளன. வர்ஜீனியா ரிச் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1982இல் வெளியிட்ட சமையற்பள்ளிக் கொலைகள் பற்றிய நாவலை இவ்வகைக்குத் தொடக்கமாகக் காட்டுவர். சிங்கப்பூர் எழுத்தாளர் ஓவிடியா யூவின் ‘ஆன்ட்டி லீ’ஸ் டிலைட்ஸ்’ (2013) நாவலில் துப்பறிபவர் உணவகம் நடத்தும் பெரனாக்கான் கைம்பெண் ஒருவர். அவருக்குத் துணை பிலிப்பைன்ஸ் நாட்டுப் பணிப்பெண். பல இனத்தார், பல மொழியார் ஓர் உணவு மேசையைச் சுற்றி அமர, அவரவர் உண்ணும் முறையிலிருந்தே அவரவர் இயல்பு வெளிப்படுவது இத்தகைய நாவல்களின் சுவை.

இச்சுவை தமிழ் வாசகர்க்கு முற்றிலும் புதிதா? இவ்வினாவைத் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர் – திருப்பதி வட்டாரத்திலிருந்து நோக்குவது பயனுடையது. அவ்வட்டாரத்தில் வழங்கும் கதையும், அங்குள்ள கல்லெழுத்தும், பழைய வட ஆர்க்காட்டு மாவட்டம் தந்த எழுத்தாளரும் ஒரே திசையைச் சுட்டுகின்றனர்.

நெய்க்கடன்

மரியாதைராமன் கதைகள் தமிழிலும் தெலுங்கிலும் ஒருங்கே வழங்குவன. தெலுங்கர் அவனை மரியாதராமன்னா என்பர். எல்லைப் பகுதி மக்கள் அவனை எம்மொழிக்கு உரியவன் என்று வழக்காடியதில்லை. வழக்குத் தீர்ப்பவனிடமே வழக்கு வைப்பானேன் என்று விட்டிருக்கலாம். அக்கதைகளுள் நெய்க்கடன் கதை இங்கு விரிவாக நோக்கத்தக்கது.

அடுத்தடுத்த வீட்டுப் பெண்டிர் இருவர். ஒருத்திக்குக் கறவை மிகுதி. மற்றவளுக்கு மிகக் குறைவு. கறவை மிகுந்தவள் மற்றவளிடம் நெய்க் கடன் பெற்றுத் திருப்பித் தர மறுக்கிறாள். வழக்கு மன்றம் ஏறுகிறது. கடன் பெற்றவளின் எதிர்வாதம் எளிது: இத்தனை கறவை உடைய நான், அவளிடமா நெய் வாங்குவேன்? கேட்டோர் அனைவரும் அவ்வாதத்தை ஏற்கின்றனர். மரியாதைராமன் சேறு மிதித்து வருமாறு இருவரையும் பணித்து, கால் கழுவ ஆளுக்கு ஒரு செம்பு நீர் தருகிறான். கறவை குறைந்தவள் சேற்றை வழித்து, சிறிது நீரால் கால்களைத் தூய்மை செய்து, மீதி நீரைச் செம்பிலேயே வைக்கிறாள். மற்றவள் முழு நீரையும் ஊற்றியும் கால் சேறு போகாமல் நிற்கிறாள். தீர்ப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. கூறுவோர்க்கு ஏற்பக் கறவையின் எண்ணிக்கையும் இனமும் மாறும். செம்பு நீர் மாறுவதில்லை.

கதையின் அளவையியல் நுட்பமானது. கறவை மிகுந்தவளின் வாதமும் ஓர் அனுமானமே. உடைமை மிகுந்தவர் கடன் வாங்கார் என்னும் பொதுவிதியின்மேல் அது நிற்கிறது. மரியாதைராமன் அவ்விதியை மறுத்து உரையாடவில்லை. உடைமையை விட்டு நடத்தையை நோக்குகிறான். நீரைக் கையாளுபவள் நெய்யையும் அவ்வாறே கையாளுவாள் என்பது அவனது அனுமானம். மன்றத்தார் அனைவர் முன்னும் நிகழ்ந்த செயலிலிருந்தே அவன் துப்பைப் பெறுகிறான். கேட்பவரும் அதனைக் கண்டவரே. துப்பு வாசகருக்கு மறைக்கப்படலாகாது என்னும் விதி மேலைநாட்டில் 1920களில் எழுத்தில் வகுக்கப்பட்டது. திண்ணைக் கதை அதனைச் சொல்லாமலே கடைப்பிடித்திருக்கிறது.

இதே தொகுதியில் நான்கு திருடர் கதையும் உண்டு. நால்வரும் சேர்ந்து வந்து கேட்டாலன்றித் தரலாகாது என்ற உறுதிமொழியோடு கிழவி ஒருத்தியிடம் பணக்குடத்தை வைக்கின்றனர். மோர் வாங்கப் பாத்திரம் கேட்டுவருமாறு அனுப்பப்பட்ட ஒருவன், தோழர் மூவரும் தொலைவிலிருந்து ‘கொடு’ என்று தலையசைக்க, பணக்குடத்தைப் பெற்று ஓடிவிடுகிறான். கிழவியைக் காப்பது அவ்வுறுதிமொழியே. நால்வரும் சேர்ந்து வந்து கேட்டால் தருவாள் என்கிறான் மரியாதைராமன். நெய், மோர், கிழவி, அண்டை வீடு: இவை இல்லஞ்சார் துப்பறி நாவலின் உறுப்புகள் அன்றி வேறென்ன?

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் மருட்கைக்குக் களனாகப் புதுமை, பெருமை, ஆக்கம் ஆகியவற்றோடு சிறுமையையும் வைத்து எண்ணுகிறது. பெரியது கண்டு வியப்பது எளிது. சிறியதும் வியப்புக்கு நிலைக்களன் ஆகும் என்பது தமிழ் இலக்கணத்தார் கண்ட உண்மை. உவகைக்குரிய களன்களுள் விளையாட்டும் ஒன்று. ஒரு செம்பு நீர் ஒரு வழக்கைத் தீர்க்கும்போது பிறக்கும் இன்பத்தை விளக்க இவ்விரண்டும் போதும்.

கல்லில் எழுதிய அடுக்களைக் கணக்கு

கதையில் காணும் இந்த அளவுணர்ச்சி திருமலையில் கல்லில் நிலைபெற்றுள்ளது. அங்குள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பாலன தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் உழைப்பால் தேவஸ்தானம் 1930இல் அவை பற்றிய அறிக்கையையும், அடுத்த ஆண்டு முதல் தொகுதிகளையும் வெளியிட்டது. 10ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் சாமவை என்னும் பல்லவ அரசியின் கொடை தொடங்கி, விசயநகர வேந்தர் காலத்து நூற்றுக்கணக்கான அறக்கட்டளைகள் வரை இவற்றின் பெரும்பகுதி உணவைப் பற்றியதே.

ஒரு கல்வெட்டின் அமைப்பைக் காண்க. கொடுத்தவர் பெயர், நாள், கொடுத்த பணம் அல்லது ஊர், அப்பணத்தால் கோயில் ஊர்களில் ஏரியும் காலும் வெட்டிப் பெறும் மிகை விளைவு, அவ்விளைவால் படைக்கவேண்டிய அமுது என வரிசை செல்லும். அரிசி இத்தனை மரக்கால், நெய் இத்தனை ஆழாக்கு, பயறு இத்தனை உழக்கு, உப்பு, மிளகு, கறியமுது, தயிரமுது, பாக்கு, வெற்றிலை என்று எதுவும் விடுபடாது. அளக்கும் மரக்காலுக்கே ‘மலைகினியநின்றான் கால்’ என்று இறைவன் பெயர் இடப்பட்டிருந்தது. அப்பம், அதிரசம், வடை, சுகியன் எனப் பணியார வகைகள் ‘படி’ என்னும் அலகால் கணக்கிடப்பட்டன. இன்று திருப்பதியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட, 2009இல் புவிசார் குறியீடு பெற்ற லட்டு இப்பட்டியலோடு ஒப்பிட மிகப் பிந்தியது.

படைத்த அமுதில் கொடையாளிக்கு நான்கில் ஒரு பங்கு உரியது. அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். அப்பங்கை அவர் தாமே பெறலாம், வழித்தோன்றலுக்கு வைக்கலாம், மடத்துக்கோ இராமானுசகூடத்துக்கோ எழுதிவைக்கலாம். 15ஆம் நூற்றாண்டில் கந்தாடை இராமானுச ஐயங்கார் பொறுப்பிலிருந்த இராமானுசகூடங்களுக்கு இத்தகைய பங்குகள் சென்று, வழிப்போக்கர் உண்டனர். உணவுப் பங்கு சொத்தாகவும் உரிமையாகவும் கைமாறியது. பர்ட்டன் ஸ்டெயின் 1960இல் எழுதிய கட்டுரை இக்கோயிலின் பொருளியற் பணியை விரித்துரைத்தது யாவரும் அறிந்ததே. இங்குச் சுட்டவேண்டுவது வேறொன்று. நெய்யின் அளவு ஆழாக்கு வரை கல்லில் வெட்டப்படுவது பக்தியால் மட்டும் அன்று. குறையக்கூடும் என்ற ஐயம் இருக்கும் இடத்திலேயே அளவு எழுதப்படும். பல கல்வெட்டுகளின் இறுதியில் கோயிற்கணக்கு திருநின்றஊருடையானின் எழுத்து என்னும் குறிப்பு நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக அப்பெயரில் வந்த கணக்கர், அடுக்களைக்கும் கொடையாளிக்கும் இடையே சான்றாக நின்றனர்.

கல்வெட்டு மாந்தரின் பன்மையும் வியக்கத்தக்கது. கிருஷ்ணதேவராயர் 1513இல் வந்தபோது தம் கொடைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் எனப் பல மொழிகளில் பொறித்தார். தெலுங்குக் கீர்த்தனை மரபின் பெருங்குடியான தாள்ளபாக்கத்தாரின் அறக்கட்டளைகளுள் பல தமிழில் எழுதப்பட்டுள்ளன. ஆசாரியர், வணிகர், அரசியல் அலுவலர், எம்பெருமானடியார் எனப்பட்ட ஆடல் மகளிர், சாத்தாத வைணவர் ஆகியோர் அனைவரும் ஒரே அடுக்களையின் பங்காளர்களாக இக்கற்களில் காணப்படுகின்றனர். இப்பங்காளரிடையே பூசல் எழாமல் இருந்திருக்குமா என்பதை நாவலாசிரியர் ஒருவர் எண்ணிப்பார்க்கலாம்.

நடேச சாஸ்திரி

நாட்டுப்புறக் கதை, கல்வெட்டு, உணவு, துப்பறியும் புனைவு ஆகிய நான்கும் ஒருவரிடம் சந்திப்பதைத் தமிழ் இலக்கிய வரலாறு போதிய அளவு பொருட்படுத்தவில்லை. அவர் பண்டித ச. ம. நடேச சாஸ்திரி (1859–1906). 1881 முதல் இராபர்ட் சிவெலின்கீழ்த் தொல்லியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். ஜேம்ஸ் பர்ஜெஸ் 1886இல் வெளியிட்ட தமிழ், வடமொழிக் கல்வெட்டுத் தொகுதியின் மொழிபெயர்ப்புகள் இவருடையவை. அத்தொகுதி பெரும்பாலும் சென்னை மாகாணத்தின் தென்பகுதியைச் சார்ந்தது, திருமலையைப் பற்றியதன்று. எனினும், கல்வெட்டைப் படிக்கும் தொழிலின் இயல்பு எங்கும் ஒன்றே. சிதைந்த எழுத்தை ஊகித்தல், ஆட்சியாண்டிலிருந்து காலத்தைக் கணித்தல், அளவுப் பெயரிலிருந்து ஊரை உணர்தல், ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிதல் என அது முழுதும் துப்பறிதலே.

தென்னிந்திய நாட்டுப்புறக் கதைகளை 1884 தொடங்கி ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்ட முன்னோடியும் இவரே. இந்துக்களின் விருந்துகள், நோன்புகள், சடங்குகள் பற்றி 1903இல் ஒரு நூல் எழுதினார். இவற்றிடையே 1894இல் வெளிவந்தது ‘தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்’. தமிழில் துப்பறியும் கதை இதிலிருந்தே தொடங்குவதாகக் கொள்வர். ‘டிக் டோனவன்’ என்னும் புனைபெயரில் ஆங்கிலத்தில் 1880களின் இறுதியிலிருந்து வெளிவந்த கதைகளின் துப்பறிவாளன் பெயர், ‘தானவன்’ என்னும் ஒலியில் எதிரொலிப்பது வெளிப்படை. வடமொழியில் அசுரனைக் குறிக்கும் சொல் காவல்துறை நிபுணனுக்குப் பெயராயிற்று. பண்டிதரின் நகைச்சுவை என்று அதனைக் கொள்ளலாம்.

தழுவல் என்பதற்காக நடேச சாஸ்திரியின் இம்முயற்சியை ஒதுக்குவது பொருந்தாது. கதைத் தொகுப்பிலும் கல்வெட்டிலும் பழகிய ஒருவருக்கு ஆங்கிலத் துப்பறியும் கதை கையில் கிடைத்தபோது, அது அவருக்கு முற்றிலும் அயலான பொருளாகத் தோன்றியிராது. வடிவம் வெளியிலிருந்து வந்தது. அதனை ஏற்ற மனம் இங்கு ஏற்கெனவே பயிற்சி பெற்றிருந்தது.

வட ஆர்க்காட்டின் பங்கு

சித்தூர் 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர். திருப்பதி அம்மாவட்டத்தின் சந்திரகிரி வட்டத்தில் அடங்கியிருந்தது. ஆரணியும் அரக்கோணமும் வேலூரும் சித்தூரும் ஒரே நிருவாகத்தின்கீழ் இருந்த அக்காலத்தில், வழக்குக்காகவும் அலுவலுக்காகவும் தமிழ் மக்கள் சித்தூர் சென்றுவந்தனர். நீதிமன்றம் இருக்கும் ஊரில் வழக்குக் கதைகளுக்குக் கேட்போர் குறைவதில்லை.

தமிழ்த் துப்பறியும் நாவலைப் பெருவாரியான மக்களிடம் கொண்டுசென்ற ஆரணி குப்புசாமி முதலியார் இம்மாவட்டத்தவர். ரெயினால்ட்ஸ் முதலியோரின் ஆங்கில நாவல்களைத் தழுவி ‘இரத்தினபுரி ரகசியம்’, ‘மின்சார மாயவன்’ முதலிய பல நூல்களைத் தந்தார். அவர் ஆசிரியராக இருந்த ‘ஆனந்தபோதினி’யை 1915இல் தொடங்கிய நாகவேடு முனிசாமி முதலியாரும் இம்மாவட்டத்தவரே. கல்வெட்டுத் துறையில் பெரும்பெயர் பெற்ற வெங்கையா, ஆரணியை அடுத்த வலையாத்தூரில் 1864இல் பிறந்தவர் என்பதையும் உடன் நினைக்கலாம். ஓர் ஊர்ப்புறம் கல்வெட்டறிஞரையும் துப்பறியும் நாவலாசிரியரையும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் ஈன்றது தற்செயலே. ஆயினும் எண்ணி மகிழத்தக்க தற்செயல்.

1911 ஏப்ரல் 1ஆம் நாள் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணி மட்டும் சென்னை மாநிலத்துக்கு மீண்டது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இப்பிரிவினைகளின் அரசியல் பலரால் எழுதப்பட்டுள்ளது. வாசிப்பு வரலாற்றுக்கு நேர்ந்த இழப்பு அவ்வாறு எழுதப்படவில்லை. தமிழ் இலக்கிய வரலாறு மாநில எல்லையோடு தன் எல்லையையும் சுருக்கிக்கொண்டது. சித்தூரிலும் புத்தூரிலும் திருப்பதியிலும் தமிழ் நாவல் படித்தோர் அவ்வரலாற்றில் இடம்பெறாமல் போயினர்.

இகழ்ச்சியும் இன்பமும்

குப்புசாமி முதலியாரைத் தொடர்ந்து ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் வாசகரை ஆட்கொண்டனர். ‘இராஜாம்பாள்’ 1935இலும் 1951இலும் திரைப்படமாயிற்று. 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாள், இல்லத்துப் பெண்களை வாசகராக்கியவர். இவற்றைப் படிப்பது ஒழுக்கக் கேடு என்றும் காலக் கேடு என்றும் அறிஞர் பலர் கண்டித்தனர். ஆனால் மறைமலையடிகளே 1911இல் ரெயினால்ட்ஸின் நாவலொன்றைத் தழுவிக் ‘குமுதவல்லி’யை எழுதினார் என்பதை மறத்தற்கில்லை. நடை தூய்மையுற்றால் ரெயினால்ட்ஸும் ஏற்கத்தக்கவர் ஆகிவிடுகிறார் போலும்.

இல்லஞ்சார் துப்பறி நாவலின் இயல்பு தமிழில் முழுமையாகக் கனிந்தது தேவனிடம். 1942இல் ‘ஆனந்த விகட’னில் தோன்றிய துப்பறியும் சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா. அறிவால் அன்றித் தற்செயலால் வெல்பவன். அவன் மனைவி வேம்பு. பெரிய துப்பறிவாளரின் கம்பீரத்தைக் கேலி செய்துகொண்டே துப்பறியும் கதையின் இன்பத்தைக் குறைவறத் தருவது இத்தொடர். இங்கே குற்றம் அச்சுறுத்துவதில்லை. முடிச்சு அவிழ்ந்ததும் ஊர் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. உணவுக்கு உரிய இடத்தைத் தமிழ்வாணன் வேறு வகையில் தந்தார். சங்கர்லாலின் சிந்தனை தேநீரின்றி நகராது. சிறுவர்க்காக அவர் படைத்த துப்பறிவாளனின் பெயரோ கத்தரிக்காய். இதழின் பெயர் கல்கண்டு.

அண்மைக் காலத்தில் மதிப்பீடு சற்று மாறியுள்ளது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ (2002) நாவலாசிரியரை மட்டுமன்றி வாசகரையும் வரலாற்றுப் பொருளாக்கியது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வேறுபாடு பாராது சேர்த்த நூல்கள், 1994இல் சென்னையில் அமைந்த நூலகத்தின்வழி ஆய்வாளர்க்குக் கிடைக்கின்றன. பல்கலைக்கழக நூலகங்கள் இத்தகைய நாவல்களை வாங்கத்தக்கன என்று கருதாத காலத்தில், பழைய புத்தகக் கடைகளில் தேடிய தனியார் ஒருவரின் ஆர்வமே அவற்றைக் காத்தது.

திருப்பதியில் 1954இல் நிறுவப்பட்ட திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தில் தமிழுக்குத் துறை உண்டு. மலைமேலுள்ள கல்வெட்டுகளின் அச்சுத் தொகுதிகளும் உள்ளன. எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்களில் பாட்டிமார் சொல்லும் நெய்க்கடன் கதையின் வேறுபாடுகளும், அலமாரிகளில் அட்டை கிழிந்து கிடக்கும் நாவல்களும், அவற்றின் முதற்பக்கத்தில் பெயரும் ஊரும் நாளும் எழுதிவைத்த வாசகரின் கையெழுத்தும் இனித்தான் தொகுக்கப்படவேண்டும். சித்தூர் என்றோ புத்தூர் என்றோ ஊர்ப்பெயர் தாங்கிய பழைய படி ஒவ்வொன்றும், அவ்வூரில் தமிழ் படித்து மகிழ்ந்த ஒருவர் இருந்தார் என்பதற்குக் கல்வெட்டுக்கு நிகரான சான்று.